ஜேர்மன்காரரின் கடலுக்கு ஒரு சாட்சி

இப்போதெல்லாம் ஒருவனும் சும்மா உதவி செய்வதில்லை. தேத்தண்ணி தந்தால் பின்னால் ஒரு கடதாசி வரும்.

ஸ்ரீஸ்கந்தராசா பார்க்டேலில் எங்கள் ஆட்களுக்கு இமிகிரேசன் படிவம் நிரப்பிக் கொடுப்பவர். இங்குள்ள தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கும் அவர்தான் ஆசிரியர். நீர்கொழும்பில் தனியே நிற்கும் என் கடைசிப் பிள்ளை கிளடிஸைக் கனடாவுக்கு எடுப்பிக்க, தொண்ணூற்றுநாலு மாசியில் அவரிடம் போனேன். படிவத்தை நிரப்பி முடித்தவர், வேறொரு தாளை நீட்டினார்.

"உதிலையும் ஒரு கையெழுத்து, நீக்கிலாப்பிள்ளை அண்ணை. மலரிலை நான் எழுதிற கட்டுரைக்குச் சாட்சி."

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் வாசிக்காமல் கையெழுத்து வைக்கமாட்டேன். 'நாற்பது வருடம் குருநகரில் கடற்றொழில் செய்தவன் நான். எங்கள் ஆட்கள் கடலைச் சேய் என்றே சொல்வர்' என்று கிடந்தது.

"ஆர் சொன்னது? நாங்கள் கடலைக் கடலெண்டுதான் சொல்லுறனாங்கள்."

"பொறுங்கோ அண்ணை. இங்கிலீசிலை சீ, ஜேர்மனிலை ஸே. அவையின்ரை பழைய பாசையளிலை கடலுக்கும் குளத்துக்கும் சதுப்பு நிலத்துக்கும் உந்தச் சொல்லுத்தான். எங்கையிருந்து வந்ததெண்டு பேராசிரியர்மாருக்கே சரியாத் தெரியாது. அப்ப அது தமிழ்தானே! சேய் எண்டால் தூரம். தூரத்துக்கு விரிஞ்சு கிடக்கிறதுதானே கடல்."

"குளத்துக்கும் கடலுக்கும் ஒரே பேர் வைச்சவன் வலை இழுத்திருக்கமாட்டான். சொந்தக்காரன் தெரியாட்டி உம்முடையதோ? ஆரின்ரையோ வலை மிதந்து வந்தால் கரையிலை எடுத்துப் போடுவம். நான் பின்னினதெண்டு ஒருத்தனும் சொல்லான்."

அவர் சிரித்தார். "தமிழுக்குப் பெருமைதானே அண்ணை. குருநகருக்கு ஆர் போய்ப் பாக்கப் போறான்?"

அதுதான் எனக்குக் குத்தியது. கிளடிஸின் படிவம் முழுக்க இங்கிலீசு; எனக்கு வாசிக்கத் தெரியாது, அதில் இன்னும் கையெழுத்தும் வைக்கவில்லை. ஒரு பொய் பிடிபட்டால் பிள்ளை அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

"கிளடிஸுக்கு என்ன வயசெண்டு போட்டனீர்?"

"பதினெட்டு."

"அவளுக்கு இருபத்தொண்டெல்லோ!"

"அது கூடிப்போச்சு. விடமாட்டாங்கள். நீங்கள் கேக்காமலே குறைச்சு விட்டிருக்கிறன்."

இதற்கு நன்றியும் எதிர்பார்த்தார். நான் படிவத்தை இழுத்து மடித்தேன். மற்றத் தாளை மேசையில் கையெழுத்தில்லாமல் விட்டேன்.

"வேறை ஆரிட்டை நிரப்புவியள்?"

"தெரியாது. உம்மட்டை இல்லை."

"வாற மலரிலை நிறுவிக் காட்டுறன் பாருங்கோ!" என்று வாசற்படி வரைக்கும் வந்து கத்தினார். நான் திரும்பவில்லை. தெரு முடிவில் ஏரி உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. அதற்கு முதன்முதல் பேர் வைத்தவன் ஆரோ. ஸ்ரீஸ்கந்தராசாவின் ஆளாயிருக்கமாட்டான். படிவத்தைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு ஸ்ரீட்கார் பிடிக்க நடந்தேன்.