மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

"ஏம்மா, எல்லாரும் தூங்கறோம். நெஞ்சுக்குள்ள இருக்கிறது மட்டும் தூங்காம அடிச்சிக்கிட்டே இருக்கே. அதுக்கு லீவே கிடையாதா?"

பள்ளிக்குக் கிளம்புகிற அவசரத்தில், சடை பின்னக் குனிந்திருந்த வாண்டு ஒருநாள் இப்படிக் கேட்டாள். வாயில் ரிப்பனைக் கடித்திருந்த அம்மா, தலையை ஆட்டாதே என்று ஒரு குட்டு வைத்ததோடு சரி. சீருடை தைக்கும் கடைக்கு ஓடவேண்டிய தையல்காரிக்குக் காலையில் பதில் யோசிக்க ஏது பொழுது?

அந்த மழைக்காலம் முடிவதற்குள் பதில் வேறு விதமாக வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தது குழந்தையின் இதயத்தில் புகுந்து அதைத் துவள வைத்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில், கழுத்தில் இரண்டு தடித்த குழாய்களோடு வாண்டு மயக்க மருந்தில் கிடந்தாள். ஒன்றின் வழியே கறுத்த ரத்தம் வெளியே போகும். கட்டிலருகே உள்ள மெஷின் அதில் பிராணவாயுவை ஏற்றி, சூடு ஆறாமல் காத்து, மற்றதன் வழியே செக்கச் செவேலென்று திருப்பி அனுப்பும். இது நோயைக் குணப்படுத்தாது என்று பெரிய டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். இதயமும் நுரையீரலும் செய்கிற வேலையை இது பார்த்துக்கொள்ளும். அவை ஓய்வெடுத்துத் தாமாகத் தேறி வரவேண்டும்.

ஆக, லீவு கிடைத்துவிட்டது. திரும்பி வேலைக்கு வருமா என்பதுதான் தெரியவில்லை.

கட்டிலைச் சுற்றித் தரையில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. குழந்தையை அசைக்கும் நேரம் உறவுக்காரர் யாரும் அதைத் தாண்டக் கூடாது. கழுத்துக் குழாய் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் உயிருக்கு ஆபத்து. அந்தக் கோட்டுக்குக் காவல், வார்டின் தலைமை நர்ஸ். படுக்கை விரிப்பு மாற்றுவதென்றாலும் அந்த அம்மாள் முதலில் குரல் கொடுப்பார்: "குழாய் யார் கையில?" பிடித்திருப்பவர், "என் கையில" என்பார். தலை யார் கையில், கால் யார் கையில் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் குழந்தையைத் தொடுவார்கள்.

தையல்காரிக்கு அந்த அம்மாளைக் கண்டாலே ஆகாது. மகளின் நெற்றியைத் தொடப் போனால் கையைக் கழுவினாயா என்பார். கொஞ்சம் எட்டிப் பார்த்தால் பின்னால் போகச் சொல்வார். "மஞ்சக்கோடு வந்துடுச்சு" என்று தையல்காரி முணுமுணுப்பாள்.

"மெதுவாச் சொல்லு," என்பான் லாரி ஓட்டும் அவள் கணவன். "காதுல விழுந்தா அந்தக் கோட்டைக் கொண்டுபோய் வாசலுக்கு வெளியில போட்டுடப் போறாங்க."

ஒருநாள் பிற்பகல் பெரிய டாக்டர் இருவரையும் அழைத்து உட்கார வைத்தார். காலையில் மெஷினின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்களாம், இதயம் சமாளிக்கவில்லை. மெஷினில் ரத்தத்துக்குப் பிராணவாயு ஏற்றும் பகுதியில் கட்டிகள் சேர்ந்துவிட்டன. தொடர்வதென்றால் அந்தப் பகுதியை உடனே மாற்றவேண்டும். மாற்றும்போது ஓட்டம் கொஞ்ச நேரம் நிற்கும், அதை இந்த இதயம் தாங்காமலும் போகலாம். இத்தோடு நிறுத்திக்கொள்வதைப் பற்றியும் யோசிக்கலாம் என்று, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

லாரிக்காரன் முகத்தை மூடிக்கொண்டான். தையல்காரி அழவில்லை.

"மூளைக்கு ஏதாவது ஆயிருக்கா சார்?"

"இதுவரைக்கும் இல்லம்மா."

"கிட்னி?"

"வேலை செய்யுது."

"அப்ப எதுக்கு நிறுத்தறது? ஓய்வெடுக்கட்டும்னுதானே படுக்க வெச்சீங்க? பாதித் தூக்கத்துல எழுப்பிட்டு, ஏன் எழுந்திரிக்கலன்னு கேட்டா எப்படி? பொறந்ததுலேருந்து ஒரு நிமிஷம் லீவு எடுக்காத இதயம் சார் அது. போகணும்னா அதுவா போகட்டும். நான் அனுப்பி வைக்க மாட்டேன்."

டாக்டர் தரையிலிருந்து பார்வையை உயர்த்தினார். நல்ல மனிதர், தோற்றுப்போகப் பயந்தவர் அல்ல, குழந்தையை வீணாக வதைக்கப் பயந்தவர். இதுதான் கடைசி முயற்சி, மாற்றிப் பார்ப்போம் என்றார்.

மெஷினை இயக்குபவர் புதிய பகுதியைத் தயாராக வைத்தார். குழந்தையைச் சற்று ஓரத்துக்கு நகர்த்தவேண்டும். கோட்டுக்கு வெளியே தையல்காரி நின்றாள், உதட்டுக்குள் கடவுளைக் கூப்பிட்டபடி.

"குழாய் யார் கையில?"

"என் கையில."

"தலை?"

"என் கையில."

"கால் யார் கையில?"

பதில் இல்லை. கால்மாட்டில் நிற்கும் நர்ஸை அடுத்த அறைக்கு வேறொரு குழந்தைக்காக இழுத்துப் போயிருந்தார்கள். தொடையில் ஊசி ஏறியிருந்த கால் அது, அசையக் கூடாது. கட்டி அடைத்த மெஷினோ காத்திருக்காது. தலைமை நர்ஸ் திரும்பினார். மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவளின் கண்களைப் பார்த்து மறுபடி கேட்டார்:

"கால் யார் கையில?"

தையல்காரிக்குப் புரிந்தது. கோட்டைத் தாண்டி வந்து மகளின் பாதங்களைப் பிடித்தாள்.

"என் கையில."

டாக்டர் நிமிர்ந்தார். "சிஸ்டர், இது விதியில்..."

"என் பொறுப்பு சார். இவங்கள விட இறுக்கமா யாரும் பிடிக்க மாட்டாங்க."

நகர்த்தினார்கள். குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் கவ்விகள் விழுந்தன. குழாயில் ரத்தம் நின்றது. உள்ளங்கைக்குள் அந்தச் சின்னப் பாதங்கள் குளிர்ந்துகொண்டே போவது தாய்க்குத் தெரிந்தது. போகாதடி என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, விரல்கள் சொல்லின. மெஷினில் புதிய பகுதி பொருந்தியது. கவ்விகள் திறந்தன. சிவப்பு மறுபடி ஓடியது. சற்றுப் பொறுத்து, கட்டைவிரலில் மெல்ல வெதுவெதுப்பு வந்தது.

இதயம் உடனே எழுந்துவிடவில்லை. சோம்பேறிப் பிள்ளைபோல் புரண்டு புரண்டு படுத்து, அடுத்த வாரம்தான் எழுந்தது. வாண்டு கண் திறந்து முதலில் கேட்டது, தன் சடையை யார் பிரித்தது என்று.

பல மாதங்கள் கழித்து, பரிசோதனைக்கு வந்த ஒரு பகலில், தலைமை நர்ஸ் விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். வயிற்றில் ஆபரேஷனாம், மேல்மாடி அறையில் இருக்கிறாராம், கூட இருக்க ஆள் இல்லையாம். வாண்டைக் கணவனிடம் விட்டுவிட்டுத் தையல்காரி படியேறினாள்.

அறையில் வேறு யாரும் இல்லை. அந்த அம்மாள் மயக்கம் தெளியாத தூக்கத்தில் இருந்தார். போர்வை விலகி, வருஷக்கணக்காக நின்று நின்று வெடித்த பாதங்கள் வெளியே தெரிந்தன. தொட்டுப் பார்த்தாள், சில்லென்றிருந்தன.

தரையில் இங்கே கோடு எதுவும் இல்லை. நாற்காலியைக் கால்மாட்டுக்கு இழுத்துப் போட்டு, இரண்டு பாதங்களையும் உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டாள்.

"கால் என் கையில," என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.

சூடு வரும்வரை அப்படியே இருந்தாள். பிறகு போர்வையை இழுத்துச் செருகிவிட்டு, அந்த அம்மாள் கண் விழிப்பதற்குள் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு கீழே இறங்கினாள்.