விடு என்னும் ஏவல்

கற்பகவல்லியின் தோளெலும்பு முறிந்த மறுநாள், பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறைத்தலைவர் தங்கச்சாமி, பானுப்பிரியாவின் முன்னால் தட்டச்சு செய்த தாள் ஒன்றை நகர்த்தி வைத்தார். அதில் இருந்தவை நான்கே வாக்கியங்கள். மூன்றாவது வாக்கியம் இது: “நான் பயந்துபோய், என் தோழியைப் படகிலேயே கைவிட்டு, நீரில் குதித்து ஓடிவிட்டேன்.” நீரில் எவரும் ஓடுவதில்லை என்பது அதை எழுதியவருக்குத் தோன்றவில்லை போலும்.

“இதுல நீ கையெழுத்துப் போட்டேன்னா, அடுத்த வருசம் ஜூனியர் பிள்ளைகளோட பயிற்சியைத் திரும்பச் செஞ்சு பட்டம் வாங்கிக்கிடலாம்மா. போடலேன்னா ஒழுங்கீனம்னு எழுதிப் பேரை எடுத்துருவாங்க. அந்தப் பிள்ளையோட அப்பா முத்துராமலிங்கம் துணைவேந்தர் வரைக்கும் புகார் எழுதிட்டாரு. நாளைக்குப் பத்து மணிக்குள்ள கொண்டுவந்து கொடு.”

பானுப்பிரியா தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மூன்றாண்டுப் படிப்பு முழுவதும் அந்த மடிப்புக்குள் போய் ஒடுங்கிக்கொண்டது.

நடந்ததை முறையாகச் சொல்லிவிட வேண்டும். 2006ஆம் ஆண்டு ஐப்பசி மழை ஓரளவு பெய்ததனால், வெம்பக்கோட்டை அணையில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக நீர் நின்றது. அதைக் கண்டு பல்கலைக்கழகத்தார் இறுதியாண்டு உடற்கல்வி மாணவர்களுக்கு அங்கே பத்து நாள் நீர்விளையாட்டுப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தனர். துடுப்புப் படகு நான்கு நாள். பாய்மரப் படகு ஆறு நாள். அதில் தேறினால்தான் பட்டம். கற்பிக்க வந்தவர் அய்யாதுரை. கடற்படையில் இருபதாண்டு இருந்துவிட்டுத் தற்காலிகப் பயிற்றுநராகச் சேர்ந்தவர்; கெட்டவர் அல்லர்.

“பாயின்னா எங்க வீட்ல உருண்டு படுக்கத்தான் சார் இருக்கு” என்றாள் கற்பகவல்லி, முதல் நாளே. சாத்தூருக்குப் பக்கத்தில் மிளகாயும் பருத்தியும் போடும் நிலக்காரர் வீட்டுப் பெண் அவள். வாய் ஓயாது.

“இந்தப் பாயில படுத்தீகன்னா தண்ணிக்கு அடியிலதான் முழிப்பு வரும்” என்றார் அய்யாதுரை.

“பானு பொழைச்சுக்கிடுவா சார். பட்டாசு ஊர்க்காரி, ஓடத்தான் முதல்ல படிச்சிருப்பா.”

“ஆமாடி” என்றாள் பானுப்பிரியா. “எங்க ஊர்ல ஓடத் தெரியாதவுக ஒருத்தரும் மிச்சமில்ல.”

எல்லாரும் சிரித்தார்கள். சொன்னவளும் சிரித்தாள். அன்றிலிருந்து இருவரும் ஒரே படகுக்காரிகள்.

படகொன்றுக்கு இருவர். பின்னால் இருப்பவர் சுக்கானைப் பிடித்துத் திசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றவர் பாயை இழுக்கும் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். காற்று மிகுந்து படகு சாய்ந்தால் கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும்; பாயிலிருந்து காற்று வழிந்துபோய்ப் படகு நிமிரும். அய்யாதுரை பக்கத்தில் விசைப்படகில் வந்தபடியே கத்துவார். “பிடி!” என்றால் கயிற்றை இழு, “விடு!” என்றால் கயிற்றைத் தளர்த்து. இவ்விரண்டு ஏவல்களுக்கும் மேலாக அவர் ஒன்றும் சொல்வதில்லை. எதைப் பிடிப்பது, எதை விடுவது, யார் விடுவது என்பவற்றையெல்லாம் கேட்பவர் தாமே கூட்டிப் பொருள்கொள்ள வேண்டும். பாய்மரப் படகேறிய முதல் நான்கு நாள்களும் கயிறு பானுப்பிரியாவின் கையிலேயே இருந்ததனால், அவள் பிழையின்றிப் பொருள்கொண்டாள். அவள் கயிற்றைத் தளர்த்தும் பக்குவத்தை அய்யாதுரை மற்றவர்களுக்குக் காட்டிக் காட்டிப் பாராட்டினார். ஐந்தாம் நாள், இடம் மாறி உட்காரச் சொன்னார். கற்பகவல்லி கயிற்றுக்கு வந்தாள். பானுப்பிரியா முதன்முறையாகச் சுக்கானைப் பிடித்தாள்.

இங்கே பானுப்பிரியாவின் ஊரான தாயில்பட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அவளுடைய தாய் சோலையம்மாள் பட்டாசுத் தொழிற்சாலையில் வெடிகளுக்குள் மருந்து செலுத்துபவள். பதினெட்டு வயது நிறைந்தபின், விடுமுறைதோறும் பானுப்பிரியாவும் சீசன் வேலைக்குப் போவாள். செட்டு எனப்படும் வேலைக் கொட்டகை ஒன்றுக்கு நான்கு பேர். நான்கு பக்கமும் வாசல். அங்கே போர்மேன் பெத்தணன் வேலையைச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பு ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுப்பார். “விடு” என்று எவர் குரலிலாவது கேட்டால், கையில் இருப்பதை இருந்தபடி விட்டு, அருகிலுள்ள வாசல் வழியே வெளியேறிவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. மூன்றாண்டுகளுக்கு முன்பு ஒரு மதியம் அச்சொல் கேட்டபோது, சோலையம்மாள் கிழக்கு வாசலால் வெளியேறிவிட்டாள். அடுத்து உட்கார்ந்திருந்த கருப்பம்மாள், சோலையம்மாள் வருகிறாளா என்று உள்ளே திரும்பிப் பார்த்தாள். அதன்பிறகு கருப்பம்மாள் இல்லை. சோலையம்மாளை ஊரில் ஒருவர்கூடக் கோழை என்று சொன்னதில்லை.

ஐந்தாம் நாள் பிற்பகல் வாடைக்காற்று திடீரென்று இறங்கியது. படகு ஒருபுறமாகச் சாய்ந்தது. உயர்ந்த விளிம்பில் இரு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். கற்பகவல்லி, கயிற்றைத் தளர்த்துவதற்குப் பதிலாக, கைப்பிடி கிடைத்ததே என்று அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தொலைவில் இருந்த அய்யாதுரை தொண்டை கிழியக் கத்தினார்.

“விடு! விடு! விடு!”

பானுப்பிரியாவின் கையில் கயிறு இல்லை. ஆகவே அச்சொல் கயிற்றைத் தேடிப் போகாமல், அவளுக்குள் அதற்கு முன்பே இருந்த பொருளைத் தேடிப் போயிற்று. சுக்கானை விட்டாள். விளிம்பிலிருந்து நீரில் இறங்கினாள். கிணற்றில் பழகிய நீச்சலில் நேராக அருகிலிருந்த கரையை நோக்கி நீந்தினாள். அவளுடைய எடையும் போய்ச் சுக்கானும் தளர்ந்தவுடன், படகு கவிழ்ந்து, பாய்மரம் தோளில் மோத, பாய் முழுவதும் கற்பகவல்லியின் மேல் விழுந்தது. அய்யாதுரை விசைப்படகில் வந்து சேர்ந்து அவளைப் பாய்க்கு அடியிலிருந்து இழுத்தெடுக்கும்போது, பானுப்பிரியா கரையில் ஈரத்துணியோடு நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் அவள் திரும்பினாள்.

தாள் வந்த அன்று மாலை, சோலையம்மாள் அதை மகளை விட்டே வாசிக்கச் சொன்னாள்.

“பயந்துன்னா எழுதியிருக்கான்? பயந்தவ எங்கிட்டு ஓடுவா? கையும் வராம காலும் வராம அங்கனயேல்ல நின்னுபோவா.”

“அதத்தாம்மா நானும் சொல்லுதேன். பொய்யி இது.”

“பொய்யின்னா இருக்கட்டும். நானும் கம்பெனியில எம்புட்டுத் தாளுல கைநாட்டு வச்சிருக்கேன், அதெல்லாம் மெய்யா? போட்டுட்டு வா. ஒத்தச் சொல்லுக்காகப் படிப்பை விடுவாகளா?”

“கையெழுத்துப் போட்டுட்டா நாளைக்கு எனக்கே அதுதான் நெசம்னு ஆயிரும்மா.”

சோலையம்மாள் தாளை மடித்து மகளின் பைக்குள் திரும்ப வைத்தாள். மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மகளோடு பேருந்தேறினாள்.

அறையில் தங்கச்சாமியோடு அய்யாதுரையும் இருந்தார். பானுப்பிரியா கையெழுத்திடாத தாளை மேசைமேல் வைத்து, அதன்மேல் தன் கையால் எழுதிய தாளையும் வைத்தாள். தங்கச்சாமி அதை வாய்விட்டுப் படித்தார்.

“‘விடு’ என்ற குரல் கேட்டது. என் கையில் கயிறு இல்லை, சுக்கான் இருந்தது. எங்கள் தொழிற்சாலையில் அச்சொல்லுக்கு, எல்லாவற்றையும் விட்டு வெளியேறு என்று பொருள். நான் வெளியேறினேன். கற்பகவல்லி வருகிறாளா என்று பார்க்கவில்லை. அது என் தவறு. ஆனால் நான் பயப்படவில்லை.”

படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கட்டுரை எழுதச் சொல்லலையேம்மா. கோப்புக்கு ஒரு காரணம் வேணும். பயம்னா சோலி முடிஞ்சிரும், யார் மேலயும் பழி வராது. அய்யாதுரை, நீங்க என்னன்னு கத்துனீங்க?”

“கயித்தை விடுன்னு...” அய்யாதுரை நிறுத்தினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இல்ல சார். விடுன்னு மட்டுந்தான் கத்துனேன். அந்த அவசரத்துல அதுதான் வந்துச்சு.”

“அறிக்கையில நீங்க அப்படி எழுதலையே. ‘கயிற்றை விடுமாறு கற்பகவல்லிக்கு ஆணையிட்டேன்’னுல்ல இருக்கு. உங்க வேலை தற்காலிகம். ஞாபகம் வச்சுக்கிட்டுப் பேசுங்க.”

அய்யாதுரை சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார். ஓர் உயிருக்கு ஆபத்து வந்த நொடியில் வாயில் வராத பெயர்ச்சொல், அறிக்கையில் மட்டும் தவறாமல் வந்து உட்கார்ந்திருந்தது. இரண்டாம் வேற்றுமை உருபையும் சேர்த்துக்கொண்டு வந்திருந்தது. அதைத் திருத்துவதற்கு ஒரு பேனாவும் ஒரு நிமிடமும் போதும். அந்த அறையில் பேனாக்கள் மூன்று இருந்தன. ஒருவரும் எடுக்கவில்லை.

“அப்ப கையெழுத்துப் போடமாட்டே?”

“நான் எழுதுனதுல போட்டிருக்கேன் சார்.”

தங்கச்சாமி மாணவர் பட்டியலை இழுத்து, அளவுகோலை வைத்து, அவள் பெயரின்மேல் நேராக ஒரு கோடு போட்டார்.

நடைக்கூடத்தில் கற்பகவல்லி வந்துகொண்டிருந்தாள். அவளுடைய வலக்கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வாக்குமூலம் கொடுக்க வரச்சொல்லியிருந்தார்களாம். பானுப்பிரியா அவள் எதிரே போய் நின்றாள்.

“பயந்து ஓடுனேன்னு எழுதச் சொன்னாக, கற்பகம். மாட்டேன்னுட்டேன். பேரை எடுத்துட்டாக.”

கற்பகவல்லி கட்டிய கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டாள்.

“நீ பயப்படலேன்னு எனக்குத் தெரியாதா? குதிக்கும்போது உன் மூஞ்சியைப் பாத்தேன்ல. தண்ணிக்கு அடியில, பாய் மூஞ்சியில ஒட்டிக்கிட்டு மூச்சு முட்டையில, அந்த மூஞ்சிதான் வந்துச்சு. நீ பயந்து ஓடியிருந்தேன்னா இன்னிக்கு உன்னைக் கட்டிப் பிடிச்சிருப்பேன்டி. யாருக்குத்தான் பயம் இல்ல? நீ வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறவ மாதிரியில்ல போனே.”

அவள் நகர்ந்து அறைக்குள் போய்விட்டாள்.

வாசலருகே செருப்பைக் கையில் பிடித்தபடி சோலையம்மாள் காத்திருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் பட்டத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை.

“அந்தப் புள்ள என்ன சொல்லுதா?”

“சரியாத்தாம்மா சொல்லுதா” என்றாள் பானுப்பிரியா.