ஊசியில்லாத ரேக்ளா

பொங்கல் முடிந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலை, ஹெட் கான்ஸ்டபிள் லட்சுமணசாமி அன்னூருக்கு அந்தப்பக்கம் ரேக்ளா வண்டிப் பந்தயம் நடக்கிற இடத்தில் சைக்கிளை நிறுத்தியபோது யாரும் அவரைக் கண்டு பயப்படவில்லை. பந்தோபஸ்துக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து ஒரு டம்ளர் நிறையக் கரும்புச்சாறு கொடுத்தார்கள். அதைக் குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் அவர் வந்த காரியத்தைச் சொன்னார்.

"ஊசி வெச்ச குச்சியில மாட்டைக் குத்தறது போன வருசத்துலிருந்து குத்தமுங்க. எல்லாரும் குச்சியைக் கொண்டாந்து இந்தச் சாக்குல போட்டுருங்க."

கரும்புச்சாறு கொடுத்தவர் காலி டம்ளரை ஒருமுறை பார்த்தார். கொடுத்தது வீண் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

அந்த வருஷம்தான் மிருகவதைக் கேசுகளைக் கவனிக்கிற பொறுப்பை லட்சுமணசாமியிடம் ஒப்படைத்திருந்தார்கள். ஸ்டேஷனில் வேறு யாரும் அதை ஏற்கவில்லை. திருடனைப் பிடித்தால் பெயர் வரும். கோழியைத் தலைகீழாகக் கட்டித் தூக்கிப்போகிறவனைப் பிடித்தால் சிரிப்புதான் வரும். கூட இருந்தவர்கள் அவரை 'மாட்டு ஏட்டு' என்றார்கள். அவரும் முதலில் சேர்ந்து சிரித்தார். ஆனால் ஒருநாள் சிங்காநல்லூர் ரோட்டில் பஞ்சுப் பொதி ஏற்றிய வண்டியின் மாடு ஒன்று முன்னங்கால் மடிந்து விழுந்துவிட்டது. அதன் தலையை மடியில் தாங்கிக்கொண்டு தண்ணீர் காட்டியவர் அவர்தான். அன்றிலிருந்து அந்த வேலை அவருக்கு வேடிக்கையாக இல்லை. மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. மாடு பூட்டியும் அறியார், கயிறு பிடித்தும் அறியார். இருந்தாலும் சட்டத்தை வரி விடாமல் படித்துவைத்திருந்தார்.

பந்தயத்தை நடத்துகிறவர் செங்கோட்டையன். ஆள் வாட்டசாட்டம். சாதாரணமாகப் பேசினாலே நாலு தோட்டத்துக்குக் கேட்கும். அவருடைய செவலைக் காளைகள்தான் வருஷா வருஷம் ஜெயிக்கிறவை. அவற்றில் வலது காளையின் பின்தொடையில் புதிதாக ரத்தம் கசிந்து ஈ மொய்ப்பதை லட்சுமணசாமி வந்ததுமே பார்த்துவிட்டார்.

"ஏனுங்க ஏட்டய்யா, ஊசி இல்லாம மாடு எப்படீங்க ஓடும்? நடந்து போகோணும்னா சந்தைக்கே போகுமே!" என்றார் செங்கோட்டையன்.

"ஓடுமுங்ணா."

"எப்படித் தெரியும் உங்களுக்கு? ஓட்டியிருக்கீங்களா?"

இல்லை என்று சொல்ல வேண்டியதுதான் நியாயம். ஆனால் சுற்றிலும் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அந்த இடைவெளியில் கூட்டத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது: "அப்ப ஏட்டய்யாவே ஒரு தடவை ஓட்டிக் காட்டட்டுங்க!" உடனே எல்லோரும் கையைத் தட்டினார்கள்.

பழனாத்தாள் என்ற பெரியம்மா முன்னால் வந்தார். புருஷன் போன பிறகு தானே முன்நின்று தோட்டம் பார்க்கிறவர். செங்கோட்டையனிடம் வருஷா வருஷம் தோற்று அலுத்தவர். "என்ற மயிலை மாட்டுச் சோடியைப் பூட்டிக்குங்க சாமி. குத்தாட்டியும் ஓடும். கயித்தை மட்டும் உட்டுப்போடாதீங்க" என்றார்.

லட்சுமணசாமி தொப்பியை இறுக்கிக்கொண்டு ரேக்ளாவில் ஏறினார். ஒரு ஆள் உட்காரக்கூட ஒழுங்காக இடம் இல்லாத வண்டி அது. பக்கத்தில் செங்கோட்டையனின் செவலைகள். அவரும் வீம்புக்குக் குச்சியைச் சாக்கில் எறிந்துவிட்டு வெறுங்கையோடு ஏறினார். மாரியம்மன் கோயில் ஆலமரம் வரை நேர் ரோடு. துண்டை வீசியதும் வண்டிகள் கிளம்பின.

செவலைகள் ரெண்டு எட்டு வைத்து நின்று, குத்து விழவில்லையே என்று யோசிப்பதுபோல் திரும்பிப் பார்த்தன. மயிலைகளோ பறந்தன. லட்சுமணசாமிக்குக் காற்று காதில் அடித்தது, பல்லோடு பல் மோதியது. பயத்துக்கு நடுவே பெருமிதமும் பொங்கியது. "பாத்தீங்களா! ஓடுதுங்க!" என்று அவர் கத்தியது யாருக்கும் கேட்டிருக்காது.

பாதி ரோட்டில் இடப்பக்கம் ஒரு இட்டேரி பிரிகிறது. இரண்டு பக்கமும் கள்ளி வேலி போட்ட ஒடுக்கமான தடம். மயிலைகள் யாரையும் கேட்காமல் அதற்குள் திரும்பின. கயிற்றை வலப்பக்கம் இழுத்தார், இடப்பக்கம் இழுத்தார், சாமி பெயரையெல்லாம் சொன்னார். எதுவும் பலிக்கவில்லை. கள்ளிமுள் அவருடைய சட்டைக் கையைக் கிழித்தது. வண்டி ஒரு தோட்டத்துக்குள் நுழைந்து, களத்தைச் சுற்றி, கழுநீர்த் தொட்டிக்கு முன்னால் சட்டென்று நின்றது. அவர் நிற்கவில்லை. தொட்டியின் விளிம்பைப் பிடித்துத் தப்பினார். தொப்பிதான் தவிட்டுத் தண்ணீரில் மிதந்தது.

காய்ந்த பருத்தி மார்க் குச்சிகளை அடுக்கிக்கொண்டிருந்த பழனாத்தாளின் மருமகள் கனகம் ஓடிவந்தாள். காக்கிச் சட்டையைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"ஏனுங்க, எங்க அத்தைக்கு என்னாச்சுங்க? அத்தையைப் புடிச்சுட்டாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அம்மிணி."

"பின்னே எங்க மாட்டை எதுக்குங்க ஓட்டிட்டு வந்தீங்க?"

"நான் ஓட்டிட்டு வரலீங்க அம்மிணி. அதுங்கதான் என்னைக் கூட்டிட்டு வந்துச்சு."

கனகம் ஒரு கணம் அவரைப் பார்த்தாள், தொப்பியைப் பார்த்தாள், அந்தத் தொப்பிக்குள் மூக்கை நுழைத்துத் தவிடு உறிஞ்சுகிற மயிலையைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு உள்ளே போய் ஒரு செம்பு மோர் கொண்டுவந்தாள்.

அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே ஊரே இட்டேரி வழியாக வந்து சேர்ந்தது. சிரித்துச் சிரித்துச் சிலருக்கு நடக்கவே முடியவில்லை. லட்சுமணசாமிக்குக் காது சூடேறியது. கோபித்துக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் தவிட்டுத் தொப்பியை எடுத்து உதறியபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரிங்க. சிரிச்சுட்டு ஒண்ணு சொல்லுங்க. மாடு ஓடுச்சுங்களா இல்லீங்களா?"

"ஓடுச்சுங்க" என்றார் செங்கோட்டையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஊட்டுக்கு ஓடுச்சு!"

"அதாங்க நானும் சொல்றேன்" என்று பழனாத்தாள் குறுக்கிட்டார். "வலிக்குப் பயந்து ஓடறதை உட்டுப்போட்டு, வகுத்துப் பசிக்கு ஓடட்டுமே. அந்த ஆலமரத்தடியில பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் கலந்து வெச்சு, மாட்டுக்கு முதல்ல மோப்பம் காட்டிப்போட்டு ஓட்டுங்க. எந்த மாடு நிக்குதுன்னு பாக்கலாம்."

செங்கோட்டையனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கூட்டத்துக்குப் பிடித்துவிட்டது. பெரிய கூடைகளில் தீனி போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு சோடியையும் கூட்டிப்போய் ஒரு வாய் தின்னவிட்டு, வாயை ஆட்டிக்கொண்டிருக்கும்போதே திருப்பிக் கொண்டுவந்தார்கள். இட்டேரி வாசலில் மட்டும் முன்னெச்சரிக்கையாக ஒரு கட்டை வண்டியைக் குறுக்கே போட்டார்கள்.

அப்படி ஒரு ரேக்ளாவை அந்த ஊர் பார்த்ததில்லை. ஒரு சோடி வழியில் கிடந்த கரும்புத் தோகைக்கு நின்றுவிட்டது. இன்னொன்று எல்லைக் கோட்டைத் தாண்டியும் நிற்காமல் கோயில் பிரகாரத்துக்குள் போய்விட்டது. பழனாத்தாளின் மயிலைகள் வயிறு நிறையக் கழுநீர் குடித்திருந்ததால் கல்யாண ஊர்வலம் மாதிரி வந்தன. செவலைகளுக்கு மட்டும் காலையிலிருந்து தீனி இல்லை. பந்தயத்தன்று வெறும் வயிறாக வைத்திருப்பது செங்கோட்டையனின் வழக்கம். பருத்திக்கொட்டை வாசம் மூக்கில் ஏறியதும் அவை தலையைத் தாழ்த்திக்கொண்டு புழுதி கிளப்பியதில், அடுத்த வண்டி எங்கே வருகிறது என்றே தெரியவில்லை.

செங்கோட்டையன் வண்டியிலிருந்து குதித்து, தின்றுகொண்டிருந்த காளைகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "என்ற மாட்டுக்கு ஊசியே வேண்டாமுங்க! ஆரு சொன்னது ஊசி வேணும்னு?" என்று ஊரைப் பார்த்துக் கேட்டார். ஊர் அவரையே கைகாட்டியது.

லட்சுமணசாமிக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவர் மெல்ல வலது காளையின் பின்பக்கம் போய், தொடையில் உறைந்திருந்த ரத்தத்தைத் தொட்டுப் பார்த்தார். காளை தோலைச் சிலிர்த்தது. அவருக்குச் சிங்காநல்லூர் ரோடு ஞாபகம் வந்தது. இப்போது பேசாமல் போனால் எல்லோரும் தன்னைத் தோளில் தூக்கிக் கொண்டாடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"ஜெயிச்சதுக்கு வாழ்த்துக்களுங்ணா. ஆனா காலையில குத்தினது குத்தினதுதானுங்க. கேசு எழுதறேன்."

செங்கோட்டையன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குனிந்து அந்தக் காயத்தைப் பார்த்தார். இதற்கு முன்பும் எத்தனையோ தடவை பார்த்திருப்பார். அன்றைக்குத்தான் கொஞ்சநேரம் பார்த்தார்.

"எழுதுங்க. முதல்ல இதுக்கு மஞ்சப்பத்துப் போட்டுக்கறேன். சித்தே இருங்க."

கோர்ட்டில் மாஜிஸ்திரேட், குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார். செங்கோட்டையன், "ஒப்புக்கறேனுங்க சாமி. ஆனா அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா..." என்று தன் வழக்கமான குரலில் ஆரம்பித்தார். வராந்தாவில் வழக்குக்காகக் காத்திருந்த கட்சிக்காரர்கள்கூட உள்ளே எட்டிப்பார்த்தார்கள். கதை தொட்டிக்கு வந்தபோது லட்சுமணசாமி மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு விறைப்பாக நின்றார். அபராதத்தை எழுதிவிட்டு மாஜிஸ்திரேட் பேனாவை மூடினார்.

"அடுத்த கேசைக் கூப்பிடு" என்று சொல்ல வாயெடுத்தவர், நிறுத்தி, செங்கோட்டையன் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கோயிலுக்குள்ள போன மாடு என்ன ஆச்சு? அதைச் சொல்லிட்டுப் போங்க."