வெள்ளையடித்த கல்

ராணியம்மாள் அப்பாவின் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்துத் தேய்த்தாள். எண்ணெய் நெற்றியில் வழிந்து அவர் காதுக்குள் இறங்கியது. துடைக்கத் தோன்றவில்லை.

"நல்லாத் தேயிடி. இனிமேலா தேய்க்கப் போற?" என்றாள் சித்தி பெரியம்மாள். "அழத்தான் காணோம், கையாவது அசையட்டும்."

காலையில் வாசல் கட்டிலில் அப்பா விறைத்துக் கிடந்ததைத் தொட்டுப் பார்த்தபோது ராணியம்மாளின் மனதில் முதலில் வந்தது பள்ளிக்கூடம். ஊர்ப் பள்ளி ஐந்தாவதோடு முடிந்துவிடும். ஆறாவதுக்கு மகள் கொளஞ்சி மில் ரோட்டைத் தாண்டிப் போக வேண்டும். ஜூன் மாதம் திறந்துவிடுவார்கள். போகக் கூடாது என்று சொல்ல இனி ஆளில்லை. சீ, என்ன நினைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நினைப்பு மட்டும் போகவில்லை.

தெருமுனையில் ஒரு மதகு. அதன் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். அதற்கு அப்பால் கரும்பு வண்டிகள் மில்லுக்குப் போகும் ரோடு. ராணியம்மாள் சிறுமியாக இருந்தபோது ஒருநாள் அப்பா பொன்னுரங்கம், அவளுடைய அண்ணன் ராசுவைப் பீடி வாங்கி வரச் சொல்லி அந்த ரோட்டுக்கு அனுப்பினார். ராசுவைத் துணியில் சுருட்டித்தான் கொண்டுவந்தார்கள். பீடிக்கட்டு மட்டும் கசங்காமல் இருந்தது.

அனுப்பியவர் அவர். கட்டுப்பட்டவள் ராணியம்மாள். அந்த வருஷப் பொங்கலுக்கு வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடிக்காத அப்பா, மதகுக் கல்லுக்கு அடித்தார். கட்டிலைக் கல் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டார். அவள் அந்தப் பக்கம் நடந்தால் கட்டிலிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வரும்.

"கல்லு!"

அவள் நின்றுவிடுவாள். பிறகு வெளியூரில் கட்டிக் கொடுக்க மனசில்லாமல் பழனியை வீட்டோடு மாப்பிள்ளையாகக் கொண்டுவந்தார். சந்தைக்கோ கோயிலுக்கோ பழனியின் பின்னால் போய் வந்தாள். தனியாக ஒருநாளும் கல்லைத் தாண்டியதில்லை. கொளஞ்சிக்கும் அதே கல். பொங்கல்தோறும் தாத்தா பக்கத்தில் சுண்ணாம்பு டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் அவள்தான்.

போன வாரம்கூட ராணியம்மாள் கேட்டுப் பார்த்தாள்.

"ஆறாவது சேக்கணும்பா. எல்லார் வூட்டுப் புள்ளைங்களும் போவுதுங்க."

"எல்லார் வூட்லயும் ஒரு புள்ள செத்துச்சா?"

'அனுப்புனது யாரு?' என்ற கேள்வி அவள் வாய்வரை வந்தது. எத்தனையோ வருஷமாக வந்து வந்து திரும்பிய கேள்வி. அன்றும் திரும்பியது.

சாயங்காலம் பாடை கிளம்பியது. மகன் இல்லாததால் பழனி கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்தான். பெரியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு, "பெத்த பொண்ண கண்ணுல வச்சிக் காத்தியே எங்க மாமா!" என்று பாடினாள். கண்ணில்தான் வைத்திருந்தார், ராணியம்மாள் நினைத்துக்கொண்டாள். இமையைத் திறக்கவேயில்லை.

கல்லருகே பாடையை இறக்கித் திசை மாற்றினார்கள்.

"பொம்பளைங்க அல்லாம் இத்தோட நின்னுக்குங்க" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

அப்பா கல்லைத் தாண்டிப் போனார். ரோட்டில் பொரியும் பூவும் சிதறின. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஓரமாக ஒதுங்கி நின்றது. டிரைவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். மேளச் சத்தம் தேய்ந்தது.

"வாங்கடி, தலைக்கு ஊத்திக்கணும்" என்று பெரியம்மாள் திரும்பினாள். மற்ற பெண்களும் திரும்பினார்கள். ராணியம்மாள் மகளின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கொளஞ்சி, அந்தாண்ட போய் நின்னுட்டு வாடி."

குழந்தை அவளை விநோதமாகப் பார்த்தது.

"கல்லும்மா."

"தாத்தாதான் போயிட்டாரே. இனிமே இன்னா? நாளைக்கு ஸ்கூலுக்குப் போவ வேணாமா? சும்மா ஒரு எட்டு போய்ட்டு வா."

கொளஞ்சி கையை உருவிக்கொண்டாள். கால் விரல்கள் கல்லின் நேருக்கு, ஒரு நூல் முன்னால் போகாமல் நின்றன. யாரும் அவளை மிரட்டவில்லை. அவள் பயந்ததாகவும் தெரியவில்லை.

"நான் போவல. நீ வேணா போ. நான் இங்கருந்து பாத்துக்கினு இருக்கறேன்."

ராணியம்மாள் ரோட்டைப் பார்த்தாள். மேளம் கேட்கவில்லை. டிராக்டர் டிரைவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு இவர்கள் பக்கம் திரும்பினான்.

"ரோட்ட தாண்டணுமாம்மா? தாண்டுங்க, நிக்கிறேன்."

அவள் புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தாள். குனிந்து பார்த்தபோது அவள் கால் விரல்களும் மகளுடையவற்றுக்குப் பக்கத்தில், அதே நேரில் இருந்தன.

டிரைவர் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு வண்டியைக் கிளப்பினான். பின்னால் தொங்கிய கரும்புத் தோகை, ரோட்டில் கிடந்த பொரியைப் பெருக்கிக்கொண்டே போனது.