இன்ஜினை இறக்கணும்

பட்டறைக்காரரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே அதன்மேல் காதை வைத்துக் கேட்டு, உச்சுக்கொட்டி, வியாதியைச் சொல்லிவிடுவார். அத்தையின் கார் முதல் தடவை கிளம்ப மறுத்தபோது செல்ஃப் மோட்டார் என்றார், மாற்றியாயிற்று. அடுத்த தடவை பேட்டரி, அதுவும் புதுசு. இன்றைக்குக் கயிறு கட்டி இழுத்து வந்த வண்டியிலிருந்து காதை எடுத்தபோது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"இன்ஜினை இறக்கணும்மா. இறக்கினாலும் தேறுமான்னு சொல்ல முடியாது. பேசாம வித்துடுங்க. வாங்கிக்க என்கிட்டயே ஆள் இருக்கு."

தேறாத வண்டிக்கு ஆள் மட்டும் தயாராக இருக்கிறதாம். நல்ல கதைதான்.

கூட வந்திருந்த மாப்பிள்ளை உடனே தலையாட்டினார். "நானும் அதைத்தான் சொல்றேன் அத்தை. உங்களுக்கு எதுக்கு வண்டி? ஒரு போன் போட்டா நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

கூட்டிப்போவார், இல்லையென்று சொல்ல முடியாது. தங்கமான மனிதர். ஆனால் ஞாயிறு வரவேண்டும், மழை விடவேண்டும், பிள்ளைகளின் டியூஷன் முடியவேண்டும். கண் ஆஸ்பத்திரிக்குப் போக மூன்று நாள் முன்பே சொல்லிவைக்க வேண்டும். இந்தச் சாவியும் கைவிட்டுப் போனால் வாசலைத் தாண்ட இன்னொருத்தர் தயவு வேண்டும். நினைத்தபோதே அத்தைக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

அச்சகத்தில் முப்பத்தோரு வருடம் பிழை திருத்தியவர் அவர். கையெழுத்துக்கு எதை நீட்டினாலும் முதல் வரியிலிருந்து படிக்காமல் விடமாட்டார். டாக்டர் நீட்டிய வேலைச்சீட்டையும் படித்தார். கைப்பையிலிருந்து பழைய சீட்டுகள் இரண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இந்தக் கிலோமீட்டர் எல்லாம் சரிதானே?"

"மீட்டரைப் பாத்துத்தாம்மா எழுதினேன்."

"முதல் தடவை 41,206. ரெண்டு மாசம் கழிச்சு 41,214. இன்னைக்கு 41,222. எங்க வீட்டுக்கும் உங்க பட்டறைக்கும் நாலு கிலோமீட்டர். நாலு மாசமா வண்டி உங்களைப் பாக்க வந்திருக்கு, வீட்டுக்குப் போயிருக்கு. வேற எங்கயும் போகல."

டாக்டர் மூன்று சீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். புகார் என்ற கட்டத்தில் 'வண்டி ஓடவில்லை' என்று அவரே எழுதியிருந்தார். அத்தை சிவப்புப் பேனாவைத் திறந்து, 'ஓ'வுக்கும் 'ட'வுக்கும் நடுவில் கூரைக்குறி போட்டு, மேலே 'ட்' என்று எழுதினார். வண்டி ஓட்டவில்லை.

"ஒரு புள்ளி எழுத்து விட்டுப்போச்சு. அதுக்குப் போய் இன்ஜினை இறக்கணுங்கிறீங்க. நிறுத்தியே வெச்சதுல பேட்டரி இறங்கியிருக்கு, கம்பியை மாட்டிக் கிளப்பிக் குடுங்க."

டாக்டர் வேறொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கம்பி மாட்டினார். வண்டி இருமி, உதறி, கிளம்பியது. மாப்பிள்ளை டிரைவர் பக்கத்துக் கதவுக்குக் கையை நீட்டினார்.

"நகருங்க அத்தை, நான் ஓட்டுறேன்."

"நீங்க பாசமா கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டுப் போய்த்தான் மாப்பிள்ளை இது படுத்துக்கிச்சு. அடுத்து நானும் படுக்கணுமா?"

மாப்பிள்ளை பக்கத்து இருக்கையில் ஏறினார். முதல் திருப்பத்தில் துருப்பிடித்த பிரேக் கரகரத்தது. அத்தை கண்டுகொள்ளவில்லை. நாலைந்து தடவை மிதித்ததும் அது தானாகவே அடங்கியது. வீட்டுத் தெருமுனை வந்தது. வண்டி திரும்பவில்லை.

"அத்தை, நம்ம தெரு போயிடுச்சு."

"பாத்தேன்."

"அப்ப எங்க போறோம்?"

"இன்னும் முடிவு பண்ணல," என்று அத்தை கியரை மாற்றினார். "உங்களுக்கு அவசரம்னா சொல்லுங்க மாப்பிள்ளை. பஸ் ஸ்டாப்புல இறக்கி விடுறேன்."