வெர்லின் புல் வெட்டிய காரணம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலில் என்னுடைய பொறாமை. என்னோடு எழுத வந்த ஒருவருக்கு நாவல் எழுத உதவித்தொகை கிடைத்து மூன்று வருடமாகிறது. இன்னும் ஒரு வரி எழுதவில்லை. பணம் மட்டும் வருகிறது. வயிற்றெரிச்சல் தாங்காமல், இருபது வருடமாக நான் வாழும், அமெரிக்காவின் அயோவா மாநிலத்து விவசாய மாவட்டத்தில் பொறாமைக்கு எனக்கொரு துணை தேடினேன். வெர்லின் ஒக்கன் என்ற விவசாயி அகப்பட்டார்.

2

'மக்காச்சோள வயல்களின் மேல் சூரியன்...' வேண்டாம், அடித்துவிட்டேன்.

வெர்லின் நாற்பது வருடம் சரிவுக்குக் குறுக்கே உழுது மண்ணைக் காத்தவர். பக்கத்து நிலத்துக்காரர் கேலன் ரூட்ஸ் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேராக உழுது, பாதி மண்ணை ஓடையில் விட்டவர். பயிரிடாமல் புல் வளர்த்தால் வருடந்தோறும் பணம் தரும் மண் காக்கும் திட்டம் வந்தபோது, அரிக்கிற நிலத்துக்கே முன்னுரிமை என்றது அரசாங்கம். கேலன் புல் விதைத்துவிட்டு உட்கார்ந்தார். அக்டோபர்தோறும் அவருக்குக் காசோலை. வெர்லினின் விண்ணப்பம் திரும்பி வந்தது. அவர் நிலம் நன்றாக இருக்கிறதாம்!

கூட்டுறவுக் கடையில் ஒரு நாள் காலைக் காப்பியின்போது கேலன் சீண்டினார்.

"என்னய்யா வெர்லின், விதைச்சாச்சா? எனக்கு இன்னிக்கு ரொம்ப வேலை. புல்லு வளருதான்னு பாக்கணும்."

"பாத்துய்யா, இடுப்பு பிடிச்சுக்கப் போவுது" என்றார் வெர்லின்.

எல்லோரும் சிரித்தார்கள். வெர்லினும் சிரித்தார். வீட்டுக்குப் போனதும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

3

(இந்த இடத்தில் வெர்லினை நல்லவராக்கிப் பார்த்தேன். கதை படுத்துவிட்டது.)

ஜூனில் கேலனுக்கு இதய அறுவை சிகிச்சை. இந்த ஊரில் ஒருவர் படுத்துவிட்டால் அவருடைய வயல் வேலையை மற்றவர்கள் கேட்காமலே செய்துவிடுவார்கள். வெர்லின் இயந்திரத்தோடு போய் எண்பது ஏக்கர் புல்லையும் ஒட்ட வெட்டினார். ஊரே மெச்சியது. தேவாலயத்தில் பெயர் சொல்லி நன்றி தெரிவித்தார்கள்.

ஆனால் ஜூன் போல, பறவைகள் அடைகாக்கும் மாதங்களில் அந்தப் புல்லை வெட்டக்கூடாது என்பது திட்டத்தின் விதி. வெட்டினால் ஒப்பந்தம் போகும். வாங்கியதையெல்லாம் திருப்பிக் கட்டவேண்டும். வெர்லினுக்கு இது தெரியாது என்று ஒரு வரைவு எழுதினேன். [பொய். திரும்பி வந்த விண்ணப்பத்தில், இந்த விதிக்கு நேர் கீழேதான் அவர் கையெழுத்து இருக்கிறது.]

4

கேலன் மெலிந்துபோய் வெர்லினின் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறார். மேசைமேல் அரசாங்கக் கடிதம், பக்கத்தில் வெள்ளைத்தாள், பேனா.

"தெரியாம வெட்டிட்டேன்னு நீ எழுதிக் குடுத்தா விட்டுருவாங்களாம். இல்லேன்னா நான்தான் வெட்டச் சொன்னேன்னு எடுத்துக்குவாங்க. நிலத்த வித்துதான் கட்டணும்."

வெர்லின் தாளைப் பார்க்கிறார்.

"என்னய்யா யோசிக்கிற? நீ எனக்காகப் பாடுபட்டவன். உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

முதல் முடிவில் வெர்லின் எழுதிக் கொடுத்தார். கேலன் அழுதுகொண்டே கட்டிப்பிடித்தார். பிறகு அக்டோபர் வந்தது, காசோலையும் வந்தது. வெர்லினுக்கு மறுபடி... கிழித்தேன்.

இரண்டாவதில் அவர் பேனாவைத் தொடவே இல்லை. கேலன் மெல்ல, மிக மெல்ல, ஏன் என்று புரிந்துகொள்ள ஆரம்பித்தார். இதை எழுதும்போது என் கை நிற்காமல் ஓடியது. கேலனின் நிலம் ஏலத்துக்குப் போவதை மூன்று பக்கம் ரசித்து எழுதினேன். படித்துப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது.

ஆகவே இந்த முடிவை என்னை நம்பி விடக்கூடாது. கேலன் இன்னும் காத்திருக்கிறார். யார் மேலும் பொறாமை இல்லாதவர் ஒருவர் உங்களில் இருந்தால், அந்தப் பேனாவை எடுத்து வெர்லின் கையில் கொடுங்கள்.