புளியறைச் சிலுவை

சத்யபிரியாவின் கல்யாணப் பேச்சு மூன்று மாதமாக நின்ற இடத்திலேயே நின்றது. பையன் பெயர் தேவா. சுரண்டைக்காரன், திருநெல்வேலியில் அவளோடு ஒரே வங்கியில் வேலை பார்க்கிறான். தங்கமான பையன். ஆனால் கிறிஸ்தவக் குடும்பம். "நான் சர்ச்சு வாசல மிதிக்க மாட்டேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, அப்பா இசக்கிப்பாண்டி மகளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பிடித்தால் பிடித்ததுதான்.

அம்மா சங்கரேஸ்வரி குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டராக இருந்து அந்த மார்ச்சில்தான் ஓய்வு பெற்றிருந்தாள். முப்பத்துநாலு வருஷம் திருடனையும் பொய்சாட்சியையும் பேசியே மடக்கியவளுக்கு, சொந்தப் புருஷனை மடக்க ஒரு வழியும் தெரியவில்லை.

அப்படியிருக்க, ஆனி பிறந்து சாரல் ஆரம்பித்த ஒரு திங்கட்கிழமை காலையில் இசக்கிப்பாண்டி தானாகவே வந்து அடுப்படியில் நின்றார்.

"ஏட்டி சங்கரி, அந்தச் சுரண்டைக்காரங்கள ஞாயித்துக்கிழம வரச் சொல்லு. பேசி முடிச்சிருவோம்."

அவள் தோசைக் கரண்டியை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "காய்ச்சல் கீய்ச்சல் அடிக்கா உங்களுக்கு?"

"இதப் பாரு மொதல்ல" என்று போனை நீட்டினார். குற்றாலத்தில் சீசன் வேன் ஓட்டும் மணிமுத்து, ஓய்ந்த நேரத்தில் 'குற்றால மர்மங்கள்' என்று ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறான். அதில் புதிதாக ஒரு வீடியோ. கழுத்தில் ஈரத்துண்டோடு மணிமுத்து மூச்சுவிடாமல் பேசினான். இயேசுவைப் பற்றிப் பன்னிரண்டு வயதில் ஒரு செய்தி இருக்கிறது. அப்புறம் முப்பது வயதில்தான் அடுத்த செய்தி. நடுவில் பதினெட்டு வருஷம் அவர் எங்கே போனார்? கொல்லத்தில் கப்பல் இறங்கி, ஆரியங்காவுக் கணவாய் வழியே நடந்து புளியறைக்கு வந்து, குற்றாலத்துச் சித்தர்களிடம் பாடம் படித்துவிட்டுத் திரும்பினார். ஆக, கிறிஸ்தவ மதத்தின் ஊற்றுக்கண் குற்றாலம்தான். ஆதாரம் புளியறை வயலில் நிற்கும் ஒரு கல். அதில் சிலுவை இருக்கிறது. சிலுவைக்குக் கீழே மீன் இருக்கிறது. மீன் ஆதிக் கிறிஸ்தவர்களின் ரகசிய அடையாளம்!

"பாத்தியா? நம்ம ஊர்ல படிச்ச பிள்ள. அப்பம் அவங்க வேற ஆளா என்ன? இது தெரியாம இத்தன நாளா முறைச்சிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார் இசக்கிப்பாண்டி.

சங்கரேஸ்வரி மணிமுத்துவை மனசுக்குள் வாழ்த்தினாள். உடனே மகளுக்குப் போன் போட்டாள். மகள் அந்தப் பக்கம் அழுதாள். எல்லாம் சுபம்.

ஆனால் மத்தியானத்துக்குள் அவளுக்கு உள்ளே அரிக்க ஆரம்பித்துவிட்டது. ஆள் காணாமல் போன வழக்கு அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். காணாமல் போனவனைக் கடைசியாகப் பார்த்தது யார், எங்கே பார்த்தது, பார்த்தவன் சொல்வதை எதை வைத்து நம்புவது? இந்த மூன்று கேள்விக்கும் வீடியோவில் பதில் இல்லை. விட்டுத் தொலைக்கலாம் என்று துணி மடித்தாள், முருங்கைக்கீரை ஆய்ந்தாள். விட முடியவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மேலகரத்து வீட்டிலிருந்து குற்றாலத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

ஐந்தருவிப் பக்கம் கூட்டம் நெரிந்தது. ரம்புட்டான் கடைகளுக்குப் பின்னால் வேனைக் கழுவிக்கொண்டிருந்த மணிமுத்து, அவளைப் பார்த்ததும் பைப்பைக் கீழே போட்டான்.

"அக்கா, நான் தப்பா ஒண்ணும் சொல்லலியே!"

"கேஸெல்லாம் இல்லலே. நான்தான் ரிட்டயராயிட்டேன்லா. அவரு குத்தாலத்துக்கு வந்தாருன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"ஒரு இங்கிலீசு வீடியோவுல பாத்தேன்க்கா."

"அதுல குத்தாலம்னு சொன்னானா?"

"காஷ்மீருன்னு சொன்னான்." மணிமுத்து தலையைச் சொறிந்தான். "மிச்சத்த நான்தான் யோசிச்சேன். அம்புட்டுத் தூரத்துலேருந்து காஷ்மீர் வரைக்கும் வந்தவரு, குத்தாலம் வராமலா போயிருப்பாரு? அருவி இருக்குல்லாக்கா!"

சங்கரேஸ்வரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அவன் முகத்தில் கள்ளம் இல்லை என்பதையும் கவனித்தாள். பொய் சொல்கிறவன் கண்ணை அவளுக்குத் தெரியும். இவன் நிஜமாகவே நம்பினான். நாளைக்குக் கல்லைக் காட்டு என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, சாயங்காலம் முழுக்கப் போனில் தேடிப் படித்தாள்.

தேடத் தேட உலகமே அந்தப் பதினெட்டு வருஷத்தைத் தேடிக்கொண்டிருந்தது. திபெத்து மடத்தில் இருந்தார் என்கிறார் ஒருவர். எகிப்தில் மந்திரம் படித்தார் என்கிறார் இன்னொருவர். தகர வியாபாரியோடு இங்கிலாந்துக்கே வந்தார் என்று ஒரு வெள்ளைக்காரர் அடித்துச் சொல்கிறார். அவர் எங்கேயும் போகவில்லை, முந்நூறு வருஷம் கழித்து ரோமாபுரி ராஜா உட்கார்ந்து உருவாக்கியதுதான் இந்த மதமே என்று வேறொரு கட்சி. சங்கரேஸ்வரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தாள். சாட்சிகளில் பாதிப்பேர் காணாமல் போனவரைத் தன் ஊருக்குத்தான் கூட்டிக்கொண்டு போகிறார்கள். மீதிப்பேருக்கு ஏற்கெனவே யார் மேலோ கோபம் இருக்கிறது. நேரில் பார்த்தவன் ஒருத்தனும் இல்லை.

புதன்கிழமை மணிமுத்துவின் வேனில் புளியறைக்குப் போனார்கள். கேரள எல்லைச் செக்போஸ்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. சாலையை விட்டு இறங்கி வரப்பில் நடந்தால், வாய்க்கால் ஓரத்தில் இடுப்பு உயரத்துக்கு அந்தக் கல். சுற்றிலும் மெழுகுவத்தி உருகிக் கிடந்தது. யாரோ தேங்காயும் உடைத்திருந்தார்கள். கல்லில் மீன் தெளிவாகவே இருந்தது. மேலே சிலுவையும் இருந்தது, கீழ்க்கால் நீளமாக, அச்சு அசல் சிலுவை. சங்கரேஸ்வரிக்கு ஒரு நொடி மெய்சிலிர்த்தது. ஒருவேளை உண்மையாக இருந்துவிட்டால்?

மண்வெட்டியோடு ஒருவர் வேகவேகமாக வந்தார். வயலுக்குச் சொந்தக்காரர், பெயர் கடற்கரை.

"நீங்களும் கும்பிட வந்தியளா? லாரிக்காரன்லாம் வண்டிய நிப்பாட்டிட்டு வந்து என் நாத்தங்கால மிதிச்சிக் கொன்னுட்டான்! எவன்லே வீடியோ போட்டது?"

மணிமுத்து சட்டென்று சங்கரேஸ்வரியின் முதுகுக்குப் பின்னால் போனான்.

"அண்ணாச்சி, இந்தச் சிலுவை எம்புட்டு நாளா இருக்கு?"

"மீனு எங்க பாட்டன் காலத்துலயே உண்டும்மா. இந்தக் கூட்டல் குறி நான் அஞ்சாப்பு படிக்கையில சர்வேக்காரங்க வந்து வெட்டுனது. அந்தச் சர்வேயில வேல பாத்த யாக்கூப் சாரு செங்கோட்டையில இருக்காரு, அவரக் கேளுங்க."

யாக்கூபுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். செங்கோட்டையில் வீட்டு முன்னறையில் சாயா குடித்துக்கொண்டிருந்தார். போனில் இருந்த போட்டோவை விரல் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தவர், பழைய சிநேகிதனைக் கண்டதுபோல் முகம் மலர்ந்தார்.

"இது நான் வெட்டுனது தன்னே! எண்பத்தஞ்சுல அளவை நடக்கும்போது அங்கன அளவுக்கல்லு காணாமப் போயிட்டு. கெடந்த பழைய கல்லுல கூட்டல் குறி வெட்டிப் புள்ளி வச்சோம். அப்பம் நான் புதுசு. உளி வழுக்கி ஒரு கால் நீளமாப் போச்சு. மேலதிகாரி என்ன ஏச்சு ஏசுனாருங்கீங்க!"

"அப்பம் மீனு?"

"அது எனக்கு முன்னால வந்த ஆளு. பாண்டிய ராஜா காலத்துல கோயில் நிலத்துக்கு எல்லை காட்ட மீன் வெட்டுவாங்க. எனக்கும் மீனுக்கும் சம்பந்தம் இல்ல." விஷயம் முழுவதையும் கேட்டதும் அவர் சாயா சிந்தச் சிந்தச் சிரித்தார். "யா அல்லா, யாக்கூபு வெட்டுன சிலுவையா?"

திரும்பி வரும்போது மணிமுத்து வேனை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினான். "ஒரு லட்சத்து எம்பதாயிரம் பேரு பாத்திருக்காங்கக்கா. இப்பம் என்ன செய்ய?"

"ஞாயித்துக்கிழம முடியுத வரைக்கும் நீ வாயத் தொறக்காத" என்றாள் சங்கரேஸ்வரி. சொன்ன பிறகுதான், சாட்சியின் வாயை அடைக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. முப்பத்துநாலு வருஷத்தில் செய்யாத காரியம்.

வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் கேட்டைத் திறக்கும்போதே உள்ளே அவர் குரல் கேட்டது. "சாப்ட்டியாட்டி? குழம்பு என்ன வச்ச?" மூன்று மாதத்துக்குப் பிறகு மகளோடு பேசிக்கொண்டிருந்தார். சங்கரேஸ்வரி செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றாள். அன்றைக்குச் சொல்லவில்லை. வியாழன், வெள்ளி, சனியும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாவும் அவன் அம்மா ஜெபக்கனியும் வந்தார்கள். சத்யபிரியா முந்தின நாளே திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தாள். ஜெபக்கனி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர். ராயகிரியிலிருந்து இசக்கிப்பாண்டியின் தங்கை ரெங்கம்மாளும் வந்திருந்தாள். கேசரி, காப்பி எல்லாம் ஆயிற்று. இசக்கிப்பாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, கப்பல், கணவாய், சித்தர், கல் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். "ஆக, நீங்களும் எங்க ஆளுதான்" என்றார் பெருமையோடு.

சத்யபிரியா தரையைப் பார்த்தாள். ஜெபக்கனி கோபப்படவில்லை. "அண்ணாச்சி, எனக்குத் தெரிஞ்சு அவரு எங்கயும் போனதா வேதத்துல இல்லையே" என்றார் மெதுவாக.

"இருக்காது. மறச்சிருப்பாங்க. கல்லு பொய் சொல்லாதுல்லா? இந்தா, எங்க வீட்டு இன்ஸ்பெக்டரே போயிப் பாத்துட்டு வந்திருக்கா. புளியறைக்குப் போனியாமே, கடைத்தெருவுல சொன்னாங்க. சொல்லுட்டி!"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். மகள் கண்ணாலேயே கெஞ்சினாள். சங்கரேஸ்வரி கோர்ட்டில் கூண்டில் ஏறுவதுபோல் எழுந்து நின்றாள்.

"அந்தச் சிலுவைய வெட்டுனது செங்கோட்டை யாக்கூப் சார். சர்வேக் குறி. எண்பத்தஞ்சுல. உளி வழுக்கிட்டு. மீனு பாண்டியன் மீனு."

இசக்கிப்பாண்டி முகம் சிவந்துவிட்டது.

"எப்பம் தெரியும் ஒனக்கு?"

"புதன்கிழம."

"நாலு நாளா ஏன்ட்டி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா கல்யாணத்த நிப்பாட்டிருவீங்களோன்னு பயந்தேன்."

"நான் அம்புட்டு மோசமானவனா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "ஆமா" என்று வந்துவிட்டது.

முதலில் சிரித்தது ரெங்கம்மாள். பக்கென்று சிரித்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு சத்யபிரியா. இசக்கிப்பாண்டி மட்டும் சிரிக்கவில்லை. ஜெபக்கனி பக்கம் திரும்பினார்.

"அப்பம் அந்தப் பதினெட்டு வருசம் என்னதான் செஞ்சாரு?"

"வீட்லதான் இருந்திருப்பாரு அண்ணாச்சி. தச்சு வேலை பாத்துக்கிட்டு. பன்னெண்டு வயசுக்கு அப்புறம் அப்பா ஜோசப்பப் பத்திப் பேச்சே இல்ல. சீக்கிரமே தவறியிருக்கணும். இவரு மூத்த பிள்ள. கீழ தம்பி தங்கச்சிமாரு. அம்மா விதவை. அந்த வீட்ட யாரு பாத்திருப்பா? இதுவும் என் நெனப்புதான். ஆதாரம் கேட்டா எங்கிட்டயும் கல்லு கில்லு கெடையாது."

இசக்கிப்பாண்டியின் அப்பா இறந்தபோது அவருக்குப் பதினைந்து வயது. கீழே மூன்று தங்கைகள். பதினெட்டில் பட்டாளத்தில் சேர்ந்து, மூவரையும் கரையேற்றிவிட்டுத்தான் முப்பத்துமூன்றில் சங்கரேஸ்வரியைக் கட்டினார். அந்தப் பதினைந்து வருஷத்தைப் பற்றி அவர் வீட்டில் பேசியதே இல்லை. ரெங்கம்மாள்தான் மூக்கை உறிஞ்சினாள். "எங்க அண்ணன் மாதிரின்னு சொல்லுங்க" என்றாள்.

"ஏ சும்மா கெட" என்றார் அவர். பிறகு சங்கரேஸ்வரியைப் பார்த்து, "அந்தக் கல்ல நான் நம்புனேனா இல்லையான்னு எனக்கே தெரியலட்டி. மூணு மாசமா எப்படி எறங்கி வாரதுன்னு தெரியாம இருந்தேன். அந்தப் பய ஒரு வழி காட்டுனான். வந்துட்டேன். இனி ஏறுததா இல்ல" என்றார். "தம்பி தேவா, இன்னும் ஒரு கேசரி வைக்கச் சொல்லட்டா?"

தேவா கேசரியே பிடிக்காதவன். இரண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாளே மணிமுத்து யாக்கூபைக் கேமரா முன்னால் உட்காரவைத்து, 'சிலுவை வெட்டியவர் சிக்கினார்' என்று ஒரு வீடியோ போட்டான். முந்தியதை விட இரண்டு மடங்குப் பேர் பார்த்தார்கள். கடற்கரை தன் வயலைச் சுற்றி முள்வேலி போட்டார்.

ஆவணி கடைசியில் சுரண்டை சர்ச்சில் கல்யாணம். இசக்கிப்பாண்டி முன்வரிசையில் பட்டாள மிடுக்கோடு உட்கார்ந்திருந்தார். எல்லாரும் பாட்டுக்கு எழுந்தபோது உட்கார்ந்திருந்தார், எல்லாரும் உட்கார்ந்தபோது எழுந்து நின்றார். ரெங்கம்மாள் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். மகள் மாலையோடு திரும்பிப் பார்த்துச் சிரித்ததும், அவர் என்ன செய்வதென்று தெரியாமல் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டார். சங்கரேஸ்வரி அவர் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பிறகு அந்தக் கையை விடவேயில்லை.